பனி தள்ளப் பழைய ட்ராக்டர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ரொறன்ரோவை விட்டு, ஒன்ராறியோவின் ஷெல்பேர்ன் நகருக்கு வெளியே ஒரு சிறு காணி வாங்கிக் குடிபுகுந்திருக்கிறோம். சரளைக்கல் பரப்பிய எங்கள் டிரைவ்வே 120 மீட்டர் நீளம். கையால் நடத்தும் ஸ்னோ புளோவரை (பனியை அள்ளிக் குழாய் வழியே தூர வீசும் பொறி) கொண்டு சென்ற பனிக்காலத்தைச் சமாளிக்க முடியவில்லை. 2009-ஆம் ஆண்டுத் தயாரிப்பான, 30 குதிரைத்திறன் கொண்ட காம்பாக்ட் (சிறிய) ட்ராக்டர் ஒன்று, பக்கெட்டைத் தூக்கும் முன் லோடரோடு 14,500 டொலருக்கு விற்பனைக்கு உள்ளது. 1,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. விற்பவர் வியாபாரி அல்லர், தனியார். எல்லாச் செலவும் சேர்த்து 20,000 டொலருக்கு மேல் என்னால் போக இயலாது. லோடர் பக்கெட் மட்டும் போதுமா? ஸ்னோ புளோவர் வேண்டுமென்றால் முன்னால் பூட்டுவதா, பின்னால் பூட்டுவதா?

பதில்: 14,500 டொலர் என்பது ட்ராக்டரின் விலை, பனி தள்ளும் பொறியின் விலை அன்று. பனிக்கு எந்தக் கருவி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்தக் கருவியைத் தாங்கி ஓட்டக்கூடிய ட்ராக்டரை அதன் பிறகு தேடுவதே சரியான வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, வாங்கிய ட்ராக்டருக்குப் பொருந்தும் கருவியைத் தேடி இரண்டாம் முறை செலவழிக்கிறார்கள்.

ஹூரன் ஏரியையும் ஜோர்ஜியன் குடாவையும் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிவந்து உங்கள் மேட்டு நிலத்தில் பனியாகக் கொட்டுகிறது. கொட்டி முடிந்த பின்னும் திறந்த வயல்களின் மேலாக அதே பனியை வாரி இறைக்கிறது. இத்தகைய இடத்தில் பக்கெட்டாலும் பிளேடாலும் பனியை ஓரங்களில் ஒதுக்கினால், ஒதுக்கிய வரம்பே காற்றைத் தடுத்து அடுத்த பனியைப் பாதையில் விழச் செய்யும். வரம்பு இறுகி உறைந்த பிறகு அதைத் தள்ளவும் முடியாது. தை மாதம் முடிவதற்குள் உங்கள் பாதை ஒரு கார் அகலத்துக்குச் சுருங்கிவிடும். ஆகவே 120 மீட்டருக்கு ஸ்னோ புளோவர்தான் என் பரிந்துரை. லோடரைக் கழற்றிவிட வேண்டாம். தெருவைத் துப்புரவாக்கும் ஊராட்சி வண்டி உங்கள் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் கட்டிப்பனியை உடைப்பதற்கு அது உதவும்.

முன்னால் பூட்டும் புளோவர் ஓட்டுவதற்குச் சுகமானது என்பதில் ஐயமில்லை. கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. டயர் மிதிக்குமுன் பனி அள்ளப்பட்டுவிடும். ஆனால் அதற்கு ட்ராக்டரின் வயிற்றுப் பகுதியில் நடு பி.டி.ஓ. (இயந்திரத்தின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் தண்டுமுனை) இருக்க வேண்டும், பல பழைய ட்ராக்டர்களில் அது இல்லை. இருந்தாலும், புளோவரைத் தாங்கும் துணைச்சட்டமும் இயக்கும் தண்டும் அந்தந்த மாடலுக்கென்றே செய்யப்பட்டவை. 2009-ஆம் ஆண்டு மாடலுக்கு அவற்றைத் தேடிப் பிடிப்பது கடினம். கிடைத்தாலும் விலை உங்கள் கணக்குக்குள் அடங்காது. பனி தள்ள லோடரையும் கழற்ற வேண்டியிருக்கும்.

பின்னால் பூட்டும் புளோவருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. பின் பி.டி.ஓ.வின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்பதும், கருவியைப் பின்னால் பூட்டித் தூக்கும் முதல் வகை மூன்று புள்ளி இணைப்பு என்பதும் காம்பாக்ட் ட்ராக்டர்களுக்குப் பொதுவான அளவுகள். எவருடைய கொட்டகையிலிருந்து வரும் பழைய புளோவரும் பெரும்பாலும் உங்கள் ட்ராக்டரில் பூட்டிக்கொள்ளும். ஒன்ராறியோவின் எல்மைராவிலும் கியூபெக்கிலும் தயாரிக்கப்பட்ட உறுதியான புளோவர்கள் இரண்டாம் கையாகத் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்பதே இதன் குறை. கியூபெக் விவசாயிகள் விரும்பும் மற்றொரு வகை உண்டு: வாய் முன்பக்கம் பார்த்திருக்க, ட்ராக்டரின் பின்னே இழுபட்டு வரும் புளோவர். முன்னோக்கி ஓட்டலாம், கராஜ் கதவை ஒட்டிய பனியையும் இழுத்தெடுக்கலாம். ஆனால் டயர்கள் முதலில் பனியை மிதித்து இறுக்கிவிடும், ஆழமான பனியில் ட்ராக்டரின் அடிவயிறு தட்டும். உங்கள் ஊரின் பனிக்கு நான் சாதாரணப் பின்புளோவரையே தேர்ந்தெடுப்பேன்.

அகலம் குறைந்தது பின் டயர்களின் வெளி விளிம்பு வரையாவது இருக்க வேண்டும். இந்த அளவு ட்ராக்டருக்கு அது பெரும்பாலும் 60 முதல் 66 அங்குலம். விளம்பரத்தில் உள்ள 30 என்பது இயந்திரத்தின் திறன். புளோவரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் அதில் 22 அல்லது 24 குதிரைத்திறன்தான் வந்து சேரும். 60 அங்குலப் புளோவருக்கு அது போதும். 72 அங்குலம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள்.

இப்போது ட்ராக்டரைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, கியர் எத்தகையது என்பது. ஹைட்ரோஸ்டாட்டிக் (கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தால் நகரும் வகை) என்றால் கவலையில்லை. இயந்திரத்தை ஒரே சுற்றில் வைத்துக்கொண்டு மிதியால் வேகத்தை ஊர்ந்து செல்லும் அளவுக்குக் குறைக்கலாம். கியர் வண்டியென்றால், கிளட்சை முழுவதும் மிதிக்கும்போது பி.டி.ஓ.வும் நின்றுவிடுகிறதா என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நின்றால், பாதி மிதியில் நகர்வை மட்டும் நிறுத்தும் இரண்டடுக்குக் கிளட்சோ, கிளட்சைச் சாராமல் சுழலும் சுதந்திர பி.டி.ஓ.வோ இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லாத வண்டியில், கனத்த பனிக்குள் நகர்வை நிறுத்த நீங்கள் கிளட்சை மிதித்த கணத்தில் புளோவரும் நின்று, அதன் குழாய் அடைத்துக்கொள்ளும். எவ்வளவு மலிவானாலும் அந்த ட்ராக்டர் இந்த வேலைக்கு ஆகாது.

விற்பவரிடம், நீங்கள் வரும்வரை இயந்திரத்தைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போனவுடன் இயந்திரத்தின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிரில் கிளம்பாத குறையை மறைக்க முன்னரே ஓட்டிவைத்திருக்கலாம், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். ஹைட்ராலிக் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலந்திருக்கிறது. நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டி, முன் அச்சின் முனைகளில் எண்ணெய் கசிவு உள்ளதா என்று கவனியுங்கள்; முன் அச்சைப் பழுதுபார்ப்பது செலவு பிடிக்கும் வேலை. பி.டி.ஓ.வைப் போட்டு நிறுத்திப் பாருங்கள். மூன்று புள்ளி இணைப்பில் கனமான ஒன்றைத் தூக்கி அப்படியே விட்டுவையுங்கள்; 60 அங்குலப் புளோவர் 500 இறாத்தல் அளவுக்கு எடையுள்ளது என்பதால் அது மளமளவென்று இறங்கிவரக் கூடாது. 1,400 மணி நேரம் ஒரு டீசல் இயந்திரத்துக்கு அதிகமன்று, ஆனால் மணிகாட்டியை மட்டும் நம்பாமல் மிதிகளின் தேய்மானத்தையும் லோடர் ஊசிகளின் ஆட்டத்தையும் அதோடு ஒப்பிடுங்கள்.

2009-ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்பது உங்களுக்கு ஒரு வகையில் நன்மையே. வட அமெரிக்காவில் 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டீசல் இயந்திரங்களுக்கு 2013-இல் மாசுக் கட்டுப்பாடு கடுமையானபின், அந்த அளவிலுள்ள ட்ராக்டர்களில் பெரும்பாலானவை டி.பி.எஃப். எனப்படும் புகைக்கரி வடிகட்டியோடு வருகின்றன. இயந்திரம் நன்றாகச் சூடேறி உழைத்தால்தான் அந்த வடிகட்டி தன்னைத் தானே எரித்துத் துப்புரவாக்கிக்கொள்ளும். வாரத்துக்கு அரை மணி நேரம் குளிரில் ஓடும் வண்டிக்கு அது ஒரு தலைவலி. புதிய சிறு ட்ராக்டர்கள் பலவற்றின் திறன் 25-க்குச் சற்றுக் கீழே நிறுத்தப்பட்டிருப்பதன் காரணமும் இதுவே.

அடுத்தது பிடிமானம். தொழிற்சாலை வகை என்று சொல்லப்படும் ஆர்-4 டயர் லோடர் வேலைக்கு நல்லது, பனிக்கட்டியில் வழுக்கும். பின் டயர்களுக்குச் செயின் வாங்குங்கள். ஏணிப்படி போன்ற சாதாரணச் செயின் அந்த டயரின் அகன்ற பள்ளங்களுக்குள் விழுந்து பயனற்றுப் போகும் என்பதால், குறுக்குச் சங்கிலிகளை நீளவாட்டிலும் இணைத்த வகையைக் கேளுங்கள். வாங்குமுன் டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே செயின் சுழல இடமிருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். டயருக்குள் எடைக்காக நிரப்பும் திரவம் வெறும் தண்ணீராக இருக்கக் கூடாது, உறைந்துவிடும். முன்பு கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்பினார்கள்; அது கசிந்தால் ரிம்மை அரித்துவிடும், ஆதலால் பழைய ட்ராக்டரில் காற்றடைப்பானைச் சுற்றித் துரு உள்ளதா என்று பாருங்கள். இப்போது சீனி எடுக்கும் பீட் கிழங்கின் சாற்றிலிருந்து செய்யும் திரவத்தைப் பலர் விரும்புகிறார்கள்.

பழைய புளோவரில் பனியை அள்ளும் திருகு இலைகளின் விளிம்பு, கியர்ப்பெட்டியின் எண்ணெய்க் கசிவு, குழாய் தடையின்றித் திரும்புவது ஆகிய மூன்றையும் பாருங்கள். பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புதியது போடாமல் ஓட்டவே கூடாது. சால்வையோ கோட்டின் நாடாவோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. தண்டின் நீளம் உங்கள் ட்ராக்டருக்கு ஒத்துவராமல் வெட்ட வேண்டியிருக்கலாம். புளோவரை மேலே உயர்த்தும்போது தண்டு முட்டக் கூடாது, தாழ்த்தும்போது தண்டின் இரு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு நுழைந்திருக்க வேண்டும். அதிர்ச்சி தாங்காமல் முறிவதற்கென்றே உள்ள ஷியர் போல்ட் முறிந்தால், அதே தரத்திலுள்ளதையே மாற்றுங்கள். உறுதியான போல்ட்டைப் போட்டால் அடுத்த கல்லில் கியர்ப்பெட்டிதான் முறியும். சரளைப் பாதையில், நிலம் இறுகி உறையும்வரை புளோவரின் சறுக்குத் தாங்கிகளை இறக்கி, வாய் தரையிலிருந்து ஓர் அங்குலமாவது உயர்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பத்திரம். தனியாரிடம் வாங்கும்போது ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் துணைவராது. அது வியாபாரிக்கும் நுகர்வோருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலுக்கு உரியது. ட்ராக்டரின் மேல் கடன் நிலுவை இருந்தால் கடன் கொடுத்தவரின் உரிமை வண்டியோடு உங்களிடம் வந்துவிடும். ஆகவே விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரைக் கொண்டு மாகாணப் பிணைப் பதிவேட்டில் (கடனுக்கு ஈடாக வைத்த பொருள்களின் பதிவேடு) தேடிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். தொடர் எண் எழுதிய, கையொப்பமிட்ட விற்பனைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

மேற்சொன்னவை எல்லாம் சரியாக அமைந்தாலும் மீதி 5,500 டொலருக்குள் புளோவர், செயின், டயர்த் திரவம், இயந்திரத்தை மின்சாரத்தால் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் அனைத்தும் அடங்குவது நெருக்கடிதான். விலையில் ஆயிரம் டொலராவது குறைத்துக் கேளுங்கள். ஆவணியில் கேட்டால் குறைப்பார்கள், முதல் பனி விழுந்தபின் குறைக்க மாட்டார்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதியான ட்ராக்டர்கள் இதைவிட மிகவும் மலிவாக விற்கப்படுகின்றனவே, அவற்றை வாங்கலாமா?

பதில்: அவற்றின் இயந்திரங்கள் பெரும்பாலும் நல்லவையே. ஆனால் ஜப்பானியச் சந்தைக்கென்று செய்யப்பட்ட மாடல்களுக்கு இங்குள்ள முகவர்கள் பாகங்கள் தர மறுக்கக்கூடும். பலவற்றில், ட்ராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுச் சட்டமும் இருக்கைப் பட்டியும் இல்லை. பனி மூடிய வாய்க்கால் ஓரத்தில் பின்னோக்கி ஓட்டும் வேலைக்கு இது பெரிய குறை. இன்னொன்று: அவற்றின் பி.டி.ஓ.வுக்கு மூன்று நான்கு வேகங்கள் இருப்பதுண்டு. தவறான நெம்புகோல் நிலையில் 540 சுற்றுக்கென்று செய்த புளோவரை ஏறத்தாழ இரட்டை வேகத்தில் சுழற்றிவிடலாம். கைவேலை தெரிந்து, பாகங்களை வலைத்தளத்தில் தேடி வரவழைக்கப் பொறுமையும் உள்ளவர் வாங்கலாம். உங்கள் வீட்டார் மருத்துவமனைக்குச் செல்லும் ஒரே பாதையை அந்த வண்டிதான் திறக்க வேண்டுமென்றால் வேண்டாம்.

கேள்வி: என் டீசல் ட்ராக்டர் கடுங்குளிரில் கிளம்புகிறது, ஐந்து நிமிடத்தில் இருமி நின்றுவிடுகிறது. இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: பிரிப்பதற்கு முன் எரிபொருள் வடிகட்டியைப் பாருங்கள். கோடையில் நிரப்பிய டீசல் தொட்டியில் மிச்சமிருந்தால், அதிலுள்ள மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். குழாயில் இருந்த சிறிதளவு எரிந்து முடிந்ததும் இயந்திரம் நிற்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதுவே. வண்டியைச் சூடான இடத்தில் வைத்து, வடிகட்டியை மாற்றி, பனிக்காலக் கலவை டீசலை நிரப்புங்கள். உறைதடுப்பு மருந்தை டீசல் திரள்வதற்கு முன் ஊற்ற வேண்டும். திரண்டபின் இளக்குவதற்கு விற்கப்படுவது வேறு மருந்து, கடையில் இரண்டும் அருகருகே இருக்கும் என்பதால் புட்டியைப் படித்து வாங்குங்கள். எரியறையை முன்னதாகச் சூடாக்கும் குளோ பிளக் உள்ள இயந்திரத்தில், எளிதில் பற்றும் ஈதரைத் தெளித்துக் கிளப்பக் கூடாது. உள்ளேயே வெடித்துச் சேதமாகும். கிளப்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகப் பிளாக் ஹீட்டரை இணைத்தால் போதும். இரவு முழுவதும் மின்சாரம் கொடுப்பது வீண்.

கேள்வி: அயலவர்களின் பாதைகளையும் காசுக்குத் தள்ளிக் கொடுத்து, ட்ராக்டர் விலையில் ஒரு பகுதியை மீட்கலாம் என்று எண்ணுகிறேன்.

பதில்: முதல் காசு வாங்குமுன் உங்கள் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்; வீட்டுக் காப்புறுதி பொதுவாகத் தொழிலைத் தாங்காது. நீங்கள் தள்ளிய பாதையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் உங்கள் மேலும் வழக்குத் தொடுக்க முடியும். 2021 ஜனவரி 29 முதல் ஒன்ராறியோவில், பனியில் விழுந்து காயமடைந்தவர் பொதுவாக 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; அந்த அறிவித்தல் பனி அகற்ற அமர்த்தப்பட்டவருக்கும் வரலாம். ஆகவே எந்த நாளில் எந்த நேரத்தில் எங்கு தள்ளினீர்கள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தள்ளிய பனியைத் தெருவில் போடுவதும், எழுத்து மூல அனுமதி இல்லாவிட்டால், அம்மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். புளோவரின் குழாயை எப்போதும் காணியின் பக்கமே திருப்பி வையுங்கள்.