ப்ளூஸ், ஜாஸ் கிட்டாரில் ஒரே ஒரு லைவ் ஆல்பம்தான் கேட்க முடியும் என்றால் எதைக் கேட்கலாம்?

வெஸ் மான்ட்கோமரியின் "ஃபுல் ஹவுஸ்". யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

ஜாஸ் பிரியர்கள் பலர் இதே கேள்விக்கு அவருடைய இன்னொரு ஆல்பத்தைக் கைகாட்டுவார்கள்: 1965-ல் வந்த "ஸ்மோக்கின் அட் த ஹாஃப் நோட்". அருமையான ஆல்பம்தான், மறுப்பதற்கில்லை. பேட் மெத்தெனி மாதிரி ஒரு கிட்டார்காரரே ஜாஸ் கிட்டாரில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஆனால் அட்டையில் ஹாஃப் நோட் என்ற நியூயார்க் கிளப்பின் பெயர் இருக்கிறதே தவிர, எல்பியில் இருந்த ஐந்து பாட்டுகளில் இரண்டுதான் அந்தக் கிளப்பில் பதிவானவை. மற்ற மூன்றும் சில மாதம் கழித்து ஸ்டுடியோவில் வாசித்தவை. நீங்கள் கேட்பது லைவ். அதனால் என் ஓட்டு "ஃபுல் ஹவுஸ்" பக்கம்.

1962 ஜூன் 25, திங்கட்கிழமை இரவு. கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் ட்சூபோ என்ற சின்ன காபி ஹவுஸ். ஐந்து பேர் வாசிக்கிறார்கள். கிட்டார் வெஸ், டெனார் சாக்ஸபோன் ஜானி கிரிஃபின். பியானோவில் வின்டன் கெல்லி, பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். இந்தக் கடைசி மூவரும் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் ஆட்கள். அவருடைய "கைண்ட் ஆஃப் ப்ளூ" ஆல்பம் கேட்டிருக்கிறீர்களா? அதில் "ஃப்ரெடி ஃப்ரீலோடர்" என்றொரு ப்ளூஸ் வரும். அதைத் தூக்கி நிறுத்துவது இதே மூவர்தான். பின்னால் இப்படி ஒரு கூட்டணி அமைந்தால் முன்னால் நிற்பவருக்கு என்ன கவலை?

வெஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இண்டியானாபொலிஸ்காரர், 1923-ல் பிறந்தவர். முன்னோடி ஜாஸ் கிட்டார்காரர் சார்லி கிறிஸ்டியனின் ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு, அதிலிருந்த சோலோக்களை அப்படியே காதால் பிடித்துக் கற்றுக்கொண்டவர். நோட்டேஷன் படிக்கத் தெரியாது. பெரிய குடும்பம், பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு என்று பல வருடம் ஓட்டியிருக்கிறார். வீட்டில் பயிற்சி செய்யும்போது சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு வர, தந்தி மீட்டும் சில்லான பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டை விரலால் மீட்ட ஆரம்பித்தார் என்பார்கள். 1959-ல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அந்த ஊர் கிளப்பில் இவர் வாசிப்பதைக் கேட்டு அசந்துபோய், ரிவர்சைட் ரெக்கார்டு கம்பெனியின் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸிடம் சொல்ல, அதன் பிறகுதான் வெளியுலகம் இவரைக் கவனித்தது. "ஃபுல் ஹவுஸ்" அதே கம்பெனி வெளியிட்டது.

ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு மூன்று எண்ணிக்கையில் ஆடிக்கொண்டே போகும். முதலில் அதைக் கேளுங்கள், காது பழகும். அப்புறம் நேராக "ப்ளூ அண்ட் பூகி"க்குப் போய்விடுங்கள். ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பாட்டு, படுவேகமான பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்) ப்ளூஸ். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். பன்னிரண்டு பாரை ஒரு ஆவர்த்தனம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கல்பனாஸ்வரம் பாடுகிறவர் போல ஒவ்வொரு சுற்றிலும் வெஸ் ஏதாவது புதிதாகச் சொல்லிவிட்டு ஆரம்பித்த இடத்துக்கு வந்து நிற்பார்.

அந்தச் சோலோவை மட்டும் தனியாக நாலைந்து தடவை கேட்கலாம், தப்பில்லை. தொடக்கத்தில் ஒற்றை ஒற்றை ஸ்வரங்கள். அவசரமே இல்லாத மாதிரி இருக்கும், இத்தனைக்கும் காப் பின்னால் விரட்டிக்கொண்டிருக்கிறார். சில சுற்றுகள் போனதும் ஒலி திடீரென்று தடிக்கும். அது ஆக்டேவ்: ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து மீட்டுவது. இடது கையின் இரண்டு விரல் இரண்டு தந்தியை அழுத்த, நடுவில் மாட்டிக்கொண்ட தந்தி ஒலிக்காமல் அந்த விரல்களே அமுக்கிவிடும்; வலது கட்டை விரல் மூன்றின் மேலும் ஒரே இழுப்பாக இறங்கும். மற்றவர்கள் ஒற்றை ஸ்வரத்தில் வாசிக்கவே திணறும் வேகத்தில் இவர் இதைச் செய்கிறார். பிக் இல்லாததால் நகம் பட்ட மாதிரியான கீறல் ஒலி கிடையாது, உருண்டு திரண்ட சத்தம். இதோடு முடிந்தது என்று நினைக்கும்போது மூன்றாவது படிக்கு ஏறி முழு முழு கார்டாக (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) வாசிக்க ஆரம்பிப்பார். ஒரே கிட்டாரிலிருந்து சின்ன பிராஸ் பேண்ட் கிளம்பி வருகிறதா என்று தோன்றும்.

இப்படிப் படிப்படியாக ஏறுவதற்கு நேரம் வேண்டும். அவரை லைவில்தான் கேட்க வேண்டும் என்று நான் அடம்பிடிக்கக் காரணம் இதுதான். பிற்காலத்தில் அவரை வைத்து எடுத்த பாப் ஆல்பங்களில் மூன்று, நான்கு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பின்னால் வயலின் கூட்டம், முன்னால் பிரபலமான மெட்டை ஆக்டேவில் வாசித்துவிட்டு வெஸ் இறங்கிவிடுவார். நன்றாக விற்றன, அந்தக் குடும்பத்துக்கு அது தேவையாகவும் இருந்திருக்கும், சரி. ஆனால் முதல் இரண்டு படியே இல்லாமல் மாடியில் என்ன பார்க்க?

கிரிஃபினை மறந்துவிடக் கூடாது. டெனாரில் அந்தக் காலத்தில் அவரளவுக்கு வேகமாக வாசித்தவர்கள் குறைவு. அவருக்கு நேர்மாறாக வெஸ் நிதானமாக அடுக்குகிறவர். இரண்டு குணமும் ஒரே மேடையில் உரசுவதுதான் பாதி சுவை. நடுவில் "ஐ'வ் க்ரோன் அகஸ்டம்ட் டு ஹெர் ஃபேஸ்" பாட்டுக்கு சாக்ஸபோன் ஒதுங்கிக்கொள்ள, வெஸ் கார்டுகளாலேயே மெட்டைச் சொல்லி முடிக்கிறார். மூன்று நிமிடம்தான், இரவில் கேளுங்கள். "கரீபா"வும் ப்ளூஸ்தான், லத்தீன் தாளத்தில். "கம் ரெய்ன் ஆர் கம் ஷைன்" எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

வாங்குவதாக இருந்தால் 2023-ல் வந்த முழுத் தொகுப்பில் அன்றிரவின் மாற்று டேக்குகளும் இருக்கின்றன. முதல் தடவைக்கு அசல் ஆறு பாட்டே போதும்.

பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்றால்: குரலும் கிட்டாருமாகச் சுத்தமான ப்ளூஸுக்கு பி.பி. கிங் 1964-ல் சிகாகோவில் பதிவு செய்த "லைவ் அட் த ரீகல்". ஆர்ப்பாட்டமில்லாமல் மூன்றே பேர் போதும் என்றால் கென்னி பர்ரெல் 1959-ல் வாசித்த "எ நைட் அட் த வான்கார்ட்". வெஸ்தான் வேண்டும் என்றால் ஹாஃப் நோட்டின் அந்த இரண்டு பாட்டுகள்.

"வில்லோ வீப் ஃபார் மீ" என்ற பெயரில் ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வெஸ் 1968-ல் 45 வயதில் மாரடைப்பில் இறந்த பிறகு, ஹாஃப் நோட்டில் மிச்சமிருந்த டேப்புகளை எடுத்து, அவற்றின் மேல் பித்தளைக் கருவிகளையும் குழல்களையும் ஏற்றி வெளியிட்டார்கள். அதற்கு கிராமி விருது வேறு கொடுத்தார்கள். அதே வாசிப்புகள் மேல்பூச்சு இல்லாமல் பிற்பாடு வெளிவந்துவிட்டன, அவற்றைத் தேடிக் கேளுங்கள்.