எலும்பை நிரப்பும் சிமெண்டில் கொலாஜன் எதற்கு? கேள்வி பதில்

அப்பாவுக்கு மூட்டு மாற்றியபோது வைத்த சிமெண்டும் இதுவும் ஒன்றா சார்?

இல்லை. அது பிஎம்எம்ஏ என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். இறுகும்போது நன்றாகச் சூடேறும், கரையவே கரையாது. நாம் பேசும் கால்சியம் பாஸ்பேட் சிமெண்ட் வேறு ரகம். 1980களில் அமெரிக்காவில் பிரவுன், சௌ என்ற ஆய்வாளர்கள் உருவாக்கியது. உடல் சூட்டிலேயே இறுகி, எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸிஅபடைட் ஆகிவிடும்.

அதுவே எலும்பு மாதிரி என்றால் கொலாஜன் ஏன்?

தாது பாதிக் கதைதான். எலும்பின் கரிமப் பகுதியில் சுமார் 90 சதவீதம் முதல் வகைக் கொலாஜன் என்ற புரத இழை. வெறும் சிமெண்டின் துளைகளில் செல் நுழைய முடியாது. மேலிருந்து சுரண்டிக்கொண்டே வரவேண்டும், அதற்கு வருடக்கணக்காகும். கொலாஜன் இழை இருந்தால் செல்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். இழைகள் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தால், அவற்றை நொதிகள் கரைத்த இடமே உள்ளே போகும் வழியாகும். அதற்காக அள்ளிக் கொட்டினால் கலவை ஊசியில் இறங்காது.

நர்சிங் படிக்கிறேன். அழற்சி வந்தால் உடல் நிராகரிக்கிறது என்று அர்த்தமா?

முதல் சில நாள் அழற்சி வரத்தான் வேண்டும். முயல் தொடை எலும்பில் வைத்து, வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால் தெரியும்: ஓரத்தில் முதலில் ரத்தக்கட்டும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும், அப்புறம் கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள். சில வாரம் போனால், பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்கள் சிமெண்ட் விளிம்பில் குழி பறித்து உட்கார்ந்திருக்கும். பக்கத்திலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற எலும்பு கட்டும் செல்கள் வரிசைகட்டிப் புது எலும்பு இடும். நடுவில் நார்த்திசு இல்லாமல் எலும்பு சிமெண்டை நேராகத் தொடுகிறதா? ஸ்லைடில் நான் முதலில் தேடுவது அதைத்தான். அழற்சி அடங்காமல் நீடிப்பதும் நார்ப்படலம் தடித்துக்கொண்டே போவதும்தான் கெட்ட செய்தி.

கொலாஜன் மாட்டிலிருந்தா? ஒவ்வாமை வருமா?

பெரும்பாலும் மாடு, பன்றியும் உண்டு. மூலக்கூறின் முனைகளில் உள்ள டெலோபெப்டைடு என்ற சிறு பகுதிகளைப் பெப்சின் என்ற செரிமான நொதியால் நறுக்கிவிட்டால் ஒவ்வாமை குறையும், அறவே போகாது. ஒவ்வாமையோ மதக் காரணமோ இருந்தால் அறுவைக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள். இதில் கூச்சம் தேவையே இல்லை.

சிமெண்ட் வைத்த மறுநாளே காலைத் தரையில் ஊன்றலாமா?

சிமெண்டை மட்டும் நம்பி ஊன்றாதீர்கள். அமுக்கினால் தாங்கும், வளைத்தாலோ முறுக்கினாலோ உடையும். முட்டிக்குக் கீழே உள்ள டிபியா எலும்பு உடைந்தால் பிளேட், ஸ்க்ரூவோடு சேர்த்து வைப்பது அதனால்தான். எப்போது ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொல்லட்டும்.