ஏ.ஏ. கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, தரகரும் வேண்டாம்

கேள்வி: என் கணவர் தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போகிறவர். பத்து வருடமாகத் தினமும் குடி. இப்போது அவராகவே விட வேண்டும் என்கிறார். குடியை விட்டவர்கள் நடத்தும் ஏ.ஏ. கூட்டத்தில் சேர்த்துவிட ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயப்படுகிறார்.

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் சகோதரி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. விண்ணப்பம் இல்லை, ஆதார் கேட்க மாட்டார்கள், கையெழுத்தும் வேண்டாம். கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் பத்து ரூபாய் போடலாம். சேர்த்துவிடப் பணம் கேட்கிறவருக்கும் அந்த அமைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த மாதிரி ஆட்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். "கூட்டமெல்லாம் சரிப்படாது, நம்ம சென்டர்ல மூணு மாசம் போடுங்க, ராத்திரி வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்திடறோம்" என்பார்கள். ஏ.ஏ. எந்த மறுவாழ்வு மையமும் நடத்துவதில்லை. நம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். இந்த மாவட்டத்துக்காரர்கள் அதை மறக்கவே கூடாது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது, பதிவு இல்லாமல் மையம் நடத்தவும் கூடாது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கச் சொல்லி யாராவது பொடி கொடுத்தால் அதையும் வாங்காதீர்கள். சிலவற்றில் டைசல்ஃபிராம் மாத்திரையை அரைத்துக் கலந்திருப்பார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

கூட்டம் எங்கே என்று விசாரிக்க 14446-க்குக் கூப்பிடுங்கள், போதை மீட்புக்கான இலவச எண். அரசின் மனநல உதவி எண்ணான 14416-லும் கேட்கலாம், அங்கே இரவிலும் பேசுவார்கள். ராமநாதபுரத்தில் எங்கே, இல்லாவிட்டால் மதுரையில் எங்கே என்று கேட்டுவிட்டு, "போன வாரம் கூட்டம் நடந்ததா?" என்றும் கேளுங்கள். பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு நேரே கடைக்குப் போனவர்கள் உண்டு. ஊர்க்காரர் கண்ணில் பட வேண்டாம் என்றால் வெளியூர்க் கூட்டமே நல்லது. செல்போனில் தமிழிலேயே நடக்கும் கூட்டங்களும் இருக்கின்றன.

ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர்கள் நாங்கள் நாலு மாத்திரை எழுதுகிறோம், கூட்டத்தின் விலாசம் எழுதுவதில்லை. டாஸ்மாக் கடை எங்கே என்று சின்னப் பிள்ளையும் சொல்லும், இந்தக் கூட்டம் எங்கே என்று அரசு அலுவலகத்தில் கேட்டால் விழிக்கிறார்கள். வருடக்கணக்காகச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

சரி, ஒன்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு அறிவே தடுமாறும். என்னிடம் வந்த ஒரு மீனவர் கட்டிலில் உட்கார்ந்து வெறுங்கையால் வலை இழுத்துக்கொண்டிருந்தார், "பிடிடா, பிடிடா" என்று பக்கத்தில் இல்லாத ஆளை அதட்டிக்கொண்டு. இதே நிலை நடுக்கடலில் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் படகு போவதற்கு முந்தின நாள் நிறுத்தவே கூடாது. முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு வாரம் கடலுக்குப் போக வேண்டாம். முன்பு வலிப்பு வந்தவர் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, உள்நோயாளியாகச் சேர்த்துவிடுங்கள். பக்கத்து கிளினிக்கில் சும்மா குளுக்கோஸ் ஏற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். வைட்டமின் பி1 ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை கெடலாம். "பி1 போட்டாச்சா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நடுக்கம் அடங்கியதும் கூட்டம்.

அப்புறம், ராமேசுவரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி என்றுதான் போகிறது. கரையில் இருக்கும் மாலையாகப் பார்த்துக் கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கையில் வேலை இல்லாத அந்த நாட்களில்தான் குடி கூடும், கூட்டத்துக்குப் போக நேரம் கிடைப்பதும் அப்போதுதான். முடிந்த அத்தனை கூட்டத்துக்கும் போகட்டும்.

முதல் நாள் அவர் பேச வேண்டியதில்லை, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். நான் பார்த்த ஒரு கூட்டத்தில் புதிதாக வந்தவருக்கு டீயை அரை டம்ளர்தான் ஊற்றினார்கள், கை நடுக்கத்தில் சிந்தி அவர் கூச்சப்படக் கூடாதே என்று. ஊற்றியவருக்கும் ஒரு காலத்தில் கை அப்படி நடுங்கியதுதான். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு, அதற்கு நீங்கள் போங்கள். அவர் வீடு திரும்பியதும் உள்ளே யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்று மட்டும் கேளுங்கள்.