தம்பியைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 26. பள்ளி நாளிலிருந்தே துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள் என்றால் பைத்தியம். ஹோம்ஸுக்கு ஆட்டிசம் (மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு) இருக்கிறது என்று கதைகளிலிருந்தே ஆதாரம் திரட்டி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். என் தம்பிக்கும் (வயது 19) ஆட்டிசம் என்பதால் எனக்கு இது நன்றாகவே புரியும். தோழியோ, "எழுத்தாளர் சொல்லாத நோயை நீ எப்படி ஒட்டலாம்?" என்று சண்டை பிடிக்கிறாள். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தம்பியைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது, அன்று காலைதான் கட்டுரையை முடித்தேன். தை மாதம் நிச்சயதார்த்தம். அதற்குள் சொல்லுங்கள், நாங்கள் இருவரில் யார் சொல்வது சரி?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: ஹோம்ஸ் வழக்கை முதலில் முடித்துவிடுவோம். அதற்கு அதிக நேரம் ஆகாது.

ஹோம்ஸ் முதன்முதலில் அச்சேறியது 1887இல். அவரைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் இறந்தது 1930இல். லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசம் என்ற சொல்லுக்கு இன்றைய பொருள் வேரூன்றியது 1943இல். ஆகவே டாயில் அதை மனத்தில் வைத்து எழுதியிருக்க வழியே இல்லை. ஆனால் பெயர் வைப்பதற்கு முன்பும் அப்படிப்பட்ட மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி ஆய்வுரை எழுதுகிற ஆள், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நண்பர் வாட்சன் சொன்னதும் "தெரிந்துவிட்டதல்லவா, இனி இதை மறக்கப் பார்க்கிறேன்" என்கிற ஆள்: இவரிடம் தங்களையே அடையாளம் காணும் வாசகர்கள், ஆட்டிசம் உள்ளவர்களும் சேர்த்து, நிறையப் பேர். அதைத் தடுக்க உங்கள் தோழி யார்?

ஆனால் நிரூபிக்க உங்களாலும் முடியாது. "எத்தனை வயதில் பேசினான்? மற்ற பிள்ளைகளோடு விளையாடினானா?" என்றுதான் மருத்துவர் விசாரணையைத் தொடங்குவார். ஹோம்ஸின் பிள்ளைப் பருவத்தை டாயில் எழுதவே இல்லை. போதாததற்கு, ஒரு கதையில் அதே ஹோம்ஸ் குழாய் ரிப்பேர்க்காரராக வேடமிட்டு, சில நாட்களிலேயே ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் மனத்தைக் கவர்ந்து நிச்சயதார்த்தம் வரைக்கும் போய்விடுகிறார். வாட்சனே "அந்தப் பெண்ணின் கதி?" என்று பதறுகிறார். உங்கள் நாற்பது பக்கத்தில் இந்தக் கதை இருக்கிறதா? தோழி ஆட்டிசத்தை நோய் என்றது மட்டும் சுத்தத் தவறு. மற்றபடி ஆளுக்குப் பாதி சரி.

இப்போது நான் கேட்கிறேன். தம்பியை எதற்காகச் சித்தி வீட்டுக்கு அனுப்பினீர்கள்?

எத்தனையோ வருடமாக இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வீட்டில் அண்ணன் மாடியில், இன்னொரு வீட்டில் அத்தை பக்கத்து வீட்டில். எங்கள் குடும்பத்திலும் நடந்தது. ஒரு கல்யாணத்தில் என் பெரியப்பா மகனைப் பின்கட்டில் உட்கார வைத்து, முன்கூட்டியே இலை போட்டுக் கதவைச் சாத்தினார்கள். எட்டு வயதில் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மேளம் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "பாயசம் வருமா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நானும்தான்.

"வீடு அமைதியாக இருந்தது" என்று எழுதுகிறீர்களே தாயே, எழுதும்போது கை கூசவில்லையா? கற்பனை மனிதருக்கு ஆட்டிசம் என்றால் பெருமை, அதற்காகத் தோழியோடு சண்டை. கூடப் பிறந்தவனுக்கு என்றால் பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறீர்கள். ஹோம்ஸ் எந்தச் செருப்பில் புகையிலை வைப்பார் என்பது வரை உங்களுக்குத் தெரியும். தம்பிக்கு என்ன பிடிக்கும் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அவன் பெயர்கூட இல்லை, "தம்பி (19)" மட்டும்தான்.

ஹோம்ஸும் இதைச் செய்தவர்தான். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் வரும் கதையைப் புரட்டுங்கள். அவ்வளவு நாள் பழகிய வாட்சன், ஹோம்ஸுக்கு உற்றார் உறவினர் யாருமே இல்லை என்று நினைத்திருக்கிறார். ஒருநாள் தேநீருக்குப் பின் பேச்சோடு பேச்சாகத்தான் மைக்ராஃப்ட் என்ற அண்ணன் இருப்பது வெளிவருகிறது. வாட்சன் நண்பர், பொறுத்துக்கொண்டார். பொய்யின்மேல் கட்டிய கல்யாணத்தில் முதல் தலைபொங்கலுக்கு வரும் மாப்பிள்ளை பொறுத்துக்கொள்வார் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

தரகர் மூலம் வேண்டாம், அப்பா மூலமும் வேண்டாம். இந்த வாரமே அந்தப் பையனிடம் நீங்களே பேசுங்கள். பரம்பரையாக வருமா என்று கேட்பார்கள். மரபணுக்களுக்குப் பங்கு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லி, சந்தேகமிருந்தால் இருவரும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும். உங்கள் தம்பியைக் கண்டு ஓடுகிற வீட்டில் நீங்கள் காய்ச்சலில் படுத்தால் யார் கஞ்சி வைப்பார்கள்?

இன்னொன்றையும் அவரிடம் சொல்லியாக வேண்டும். தம்பிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பெற்றோர் இனிமேல் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். காப்பாளர் தேவைப்பட்டால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் விசாரியுங்கள். அப்பா அம்மாவுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வரவேண்டியவர் நீங்கள். பெண் பிள்ளை மேல் இவ்வளவு பாரமா என்று சிலர் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். கூடப் பிறந்த கடன் கல்யாணத்தோடு தீராது என்று நம்புகிறவள் நான்.

நிச்சயதார்த்தத்தன்று புதுச் சட்டையோடு அவன் கூடத்தில் இருக்க வேண்டும். ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லுங்கள். சத்தம் தாங்காவிட்டால் அவனாகப் போய் உட்கார ஓர் அறை இருக்கட்டும், தாழ்ப்பாள் உள்பக்கம் மட்டும்.

அன்று சித்தி வீட்டுக்குப் போகும்போது அவனிடம் என்ன சொல்லி அனுப்பினீர்கள்? எப்போது திரும்பினான்? பதில் எழுதுங்கள். அவன் பெயரோடு.