ரோலிங் மிஷின்: ஹெச்.பி.யைக் கேட்கும் முன் ரோலைப் பாருங்கள்

அப்பா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். நானும் அண்ணனும், கூட இரண்டு ஆட்கள். வெள்ளியை இரண்டு ரோலுக்கு (உருளைக்கு) நடுவில் விட்டு நசுக்கித் தகடாகவும் கம்பியாகவும் இறக்க இதுவரை கையால் சுற்றும் மிஷின்தான். இப்போது மின்சார ரோலிங் மிஷின் வாங்கலாம் என்று விசாரித்தால், ஒருவர் 1 ஹெச்.பி. மோட்டார் போதும் என்கிறார், இன்னொருவர் 3 ஹெச்.பி.க்குக் குறைந்து வாங்கவே வாங்காதே என்கிறார். எதை வாங்குவது சார்?
(வாசகர், சேலம்)

இரண்டு பேருமே உங்களிடம் ஒன்றைக் கேட்கவில்லை போலிருக்கிறது: நீங்கள் உருட்டுவது என்ன? கொலுசுப் பட்டறை என்றால் முக்கால்வாசி கம்பி வேலைதான். 6 மில்லி சதுரத்தில் 10 சென்டிமீட்டர் நீளக் கட்டி ஒன்றை வார்த்தால் எடை ஏறக்குறைய 37 கிராம். அதை 1 மில்லி சதுரக் கம்பியாக இறக்கினால் நீளம் 36 மடங்காகும், அதாவது 3 மீட்டர் 60. இதைக் கையால் சுற்றி இறக்குகிற வலி உங்கள் தோளுக்கே தெரியும், அதனால்தானே மோட்டாருக்கு வருகிறீர்கள். ஆனால் கம்பி உருட்டும்போது ரோலுக்கு நடுவில் இருக்கும் உலோகம் வெறும் சில மில்லி அகலம்தான், அதற்குப் பெரிய மோட்டார் தேவையில்லை. தகடு அப்படியல்ல. ஒரே மாதிரி இறக்கினால் 80 மில்லி அகலத் தகடு 40 மில்லி தகட்டைப்போல இரண்டு மடங்கு பலம் கேட்கும், ரோலையும் மேலே தூக்கப் பார்க்கும். ஆக, உங்கள் பட்டறையில் உருட்டுகிற தகட்டில் அதிகபட்ச அகலம் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். 40, 50 மில்லிக்குள் நின்றுவிடுகிறது என்றால் ஒரு பக்கம் கம்பி இறக்கச் சதுரக் காடி (பள்ளம்), ஒரு பக்கம் தகட்டுக்குச் சாதா ரோல் உள்ள 1 அல்லது 2 ஹெச்.பி. மிஷின் தாராளம். தினமும் அகலத் தகடு, கனமான கட்டி என்று போகிற பட்டறைக்குத்தான் 3 ஹெச்.பி. பேச்செல்லாம்.

கரண்ட்டையும் பாருங்கள். சிங்கிள் பேஸ் லைனில் 2 ஹெச்.பி. வரைக்கும் ஓட்டலாம், ஆனால் மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்ட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும், பழைய ஒயரிங் என்றால் லைட் மங்கி எழும். 3 ஹெச்.பி. வாங்கி வைத்துவிட்டு அப்புறம் மூன்று பேஸ் லைனுக்கு அலைவதைவிட எலக்ட்ரீஷியனை முதலிலேயே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

வேகம் அதிகம் என்று பெருமையாகச் சொல்லும் மிஷினை நான் வாங்கமாட்டேன். 60 மில்லி விட்டமுள்ள ரோல் நிமிஷத்துக்கு 20 சுற்று சுற்றினால் ஒரு வினாடிக்கு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகும். உங்கள் விரலுக்கும் ரோலுக்கும் நாலு விரற்கடை இடைவெளி என்றால் கையில் இருப்பது ஒரே ஒரு வினாடி. கை மிஷினில் ஏதாவது சிக்கினால் சுற்றுகிற கை தானாக நின்றுவிடும், மோட்டாருக்கு அந்தப் புத்தி கிடையாது. அதனால் பின்னால் சுற்றவைக்கும் ரிவர்ஸ் சுவிட்ச், காலை எடுத்தால் நின்றுவிடும் பெடல், முழங்கையாலோ முட்டியாலோ தட்டுகிற தூரத்தில் சிவப்பு ஸ்டாப் பட்டன், இந்த மூன்றும் இல்லாத மிஷின் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். கையுறையும் போடாதீர்கள். விரல் தப்பினாலும் துணி நுனி மாட்டும், அது விரலையும் கூட்டிக்கொண்டு போகும்.

அடுத்தது ரோல். விலையில் பாதி அதற்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ரோல் ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டிய கடினத்தில் இருக்கும், முகம் பார்க்கலாம்போலப் பளபளக்கும். ஆனால் மெருகு போட்ட மெத்து இரும்பும் கடையில் அப்படித்தான் மின்னும், பளபளப்பை மட்டும் நம்பாதீர்கள். கடினம் எவ்வளவு என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்குகிறவரிடம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மிஷின் பார்க்கப் போகும்போது காய்ச்சி ஆற்றி மெத்தாக்கிய செம்புத் தகடு ஒன்றும், கனம் அளக்க ஒரு மைக்ரோமீட்டரும் எடுத்துப் போங்கள். தகட்டை உருட்டி இரண்டு ஓரத்தையும் அளந்து பாருங்கள். இடது ஓரமும் வலது ஓரமும் வேறு வேறு கனம் காட்டினால் ரோல் இணையாக இல்லை, அந்தத் தகடு வாழைப்பழம்போல வளைந்துகொண்டே வரும். மேலே உள்ள இரண்டு திருகும் ஒரே பிடியில் சேர்ந்து இறங்குகிற மாதிரி இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஓரம் இரண்டும் சரியாக இருந்து நடு மட்டும் கனமாக இருந்தால் ரோல் வளைகிறது, உங்கள் வேலைக்கு அது ஒல்லி.

மின்சார மிஷின் வாங்கி நாலு மாதம் ஆகிறது. தகட்டின் ஓரம் வெடிக்கிறது, நடுவில் கோடும் விழுகிறது. மிஷின் கோளாறா?
(வாசகி, கோவை)

ஓரம் வெடிப்பதற்கு மிஷின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. கை மிஷினில் உலோகம் இறுகியதும் கைப்பிடி கனக்கும், போதும் என்று நாமே நிறுத்தி அடுப்பில் காட்டி மெத்தாக்குவோம். மோட்டாருக்கு எல்லாம் ஒன்றுதான், இறுகிய தகட்டையும் தள்ளிக்கொண்டே போகும். கனம் பாதியானதும் நிறுத்திவிடுங்கள். 2 மில்லி தகடு 1 மில்லிக்கு வந்தால் காய்ச்சி ஆற்றாமல் அடுத்த சுற்று கிடையாது. 92.5 வெள்ளி என்றால் வெளிச்சம் குறைந்த இடத்தில் வைத்து மங்கலான சிவப்பு தெரியும் வரை காட்டினால் போதும், அதற்கு மேல் ஊதினால் தகட்டில் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு வந்துவிடும்.

கோட்டுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நீளமான துண்டை ஒரு தடவை உருட்டி, கோடு எத்தனை சென்டிமீட்டருக்கு ஒருமுறை வருகிறது என்று அளந்து பாருங்கள். ரோல் விட்டம் 60 மில்லி என்றால் சுற்றளவு 19 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இடைவெளியில் அதே வடு திரும்பத் திரும்ப வந்தால் காயம் ரோலில், இஷ்டத்துக்கு வந்தால் உங்கள் வார்ப்பில் அழுக்கோ காற்றோ இருக்கிறது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு சாயங்காலம் அவசரத்தில், பற்றவைக்கக் கட்டிய இரும்புக் கம்பியின் ஒரு துணுக்கு ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் தகட்டை உள்ளே விட்டேன். அரை நகம் அளவு பள்ளம். அதற்கப்புறம் ஆறு மாதம் என் பட்டறையிலிருந்து போன ஒவ்வொரு தகட்டிலும் என் அவசரத்தின் முத்திரை இருந்தது, ராவி ராவியே சேதாரம் போனது. பற்றவைக்கப் போட்ட வெங்காரம் உருகிக் கண்ணாடியாக ஒட்டியிருந்தாலும் இதே கதிதான். ஆசிட்டிலிருந்து எடுத்ததைக் கழுவி, துடைத்து, சூடு காட்டி முழுக்க உலர்த்திய பிறகே ரோலுக்குப் போக வேண்டும்.

ரோலில்தான் காயம் என்றால் கிரைண்டிங் கொடுக்கலாம், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். இரண்டு ரோலையும் சேர்த்தே கொடுங்கள், ஒன்றை மட்டும் தேய்த்தால் விட்டம் மாறித் தகடு மேலேயோ கீழேயோ சுருண்டு வரும்.

வீட்டிலேயே செம்பு, வெள்ளியில் கம்மல், பென்டன்ட் செய்கிறேன். மாதத்துக்குப் பத்து, பதினைந்து உருப்படி. மின்சார மிஷின் அவசியமா?
(வாசகி, மதுரை)

இல்லை. பல்சக்கரம் வைத்த நல்ல கை மிஷின் வாங்கி, அசையாத மேஜையில் போல்ட் போட்டு முடுக்குங்கள். இலை நரம்பை, துணியின் இழையைத் தகட்டில் பதிக்கிற வேலைக்கு ஒரே தடவையில் சரியான அழுத்தம் வேண்டும், இரண்டாம் தடவை விட்டால் உரு இரட்டையாகத் தெரியும். அந்த அழுத்தம் கைக்குத்தான் பிடிபடும். தகட்டுக்கும் ரோலுக்கும் நடுவில் காகிதம் வைத்துவிடுங்கள், வேலை முடிந்ததும் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி விட்டாலே புள்ளிப் புள்ளியாகத் துரு பிடித்துவிடும்.