படத்தில் கேட்ட இசை ஆல்பத்தில் ஏன் அப்படியே இல்லை?

சவுண்ட்டிராக் ஆல்பம் என்பது ஒரு படத்தின் இசையைத் தனியாகக் கேட்பதற்கென்று தொகுத்து வெளியிடுவது. நம் படங்களில் அது பெரும்பாலும் பாட்டுகள். விண்கலம், ரோபோ வரும் ஆங்கிலப் படங்களில் பெரும்பாலும் பின்னணி இசை.

படத்தில் இசை காட்சிக்குக் கட்டுப்பட்டது. கதவு திறக்கும்போது ஏற வேண்டும், ஆள் பேசத் தொடங்கினால் அடங்க வேண்டும். திருகோணமலையில் கோணேசர் நகர்வலம் வரும்போது பாருங்கள். சாமி சந்தியில் நின்றால் நாதஸ்வரக்காரர் ராகத்தை நீட்டுவார். நகர்ந்தால் சட்டென்று முடிப்பார். அவரே மேடையில் உட்கார்ந்தால் தொடக்கம், முடிவு வைத்து நிதானமாக வாசிப்பார். ஆல்பம் அந்த மேடைக் கச்சேரி மாதிரி.

சில நேரம் கச்சேரிக்கே ஆள் மாறிவிடும். 'பிளேட் ரன்னர்' என்ற ஆங்கிலப் படம் 1982இல் வந்தது. அப்போது கடைக்கு வந்த இசைத்தட்டு, வேறொரு வாத்தியக் குழு திரும்ப வாசித்தது! இசையமைத்த வாங்கெலிஸின் ஆல்பம் 1994இல்தான் வெளியானது. அதிலும் இடையிடையே படத்து வசனம் கேட்கும்.

அப்புறம், சவுண்ட்டிராக் என்றாலே இசை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல் பிலிம் சுருளின் ஓரத்தில் ஒலி பதிந்த கோட்டைக் குறித்தது. வசனம், கதவுச் சத்தம், இசை எல்லாம் அதற்குள் அடக்கம்.