கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஜப்பானிய மொழி முகாமுக்கு மகளை அனுப்ப வழி உண்டா?

கோடை லீவில் ஜப்பானில் தங்கி, ஜப்பானிய மொழியை மட்டுமே பேசிப் பழகும் முகாம் 15 வயது மகளுக்குக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் காலண்டர்தான் முதல் முட்டுக்கட்டை. கேரளத்தில் லீவு ஏப்ரல், மே. ஜப்பானில் ஏப்ரலில்தான் கல்வியாண்டே தொடங்குகிறது. அங்கே கோடை விடுமுறை பெரும்பாலும் ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. பதின்வயதினர் முகாம்களும் அதையொட்டித்தான் நடக்கும். ஆகவே பணம் கட்டும் முன் பள்ளியில் லீவு கிடைக்குமா என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த லீவை அடித்தளம் போடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்து வரிசையான ஹிராகனாவின் 46 எழுத்துகள்கூடத் தெரியாமல் போனால், முகாமின் முதல் வாரம் அதிலேயே கரைந்துவிடும். ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் பரப்பும் ஜப்பான் பவுண்டேஷன் அமைப்பின் ‘மினாட்டோ’ இணையதளத்தில் தானாகவே படிக்கும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. நேரில் படிக்க, சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்ற ஜப்பானிய மொழிப் பயிற்சி மையம் இருக்கிறது. வயது, வகுப்புத் தேதி எல்லாம் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பயப்பட வேண்டாம், தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாக்கிய அமைப்பு சட்டென்று பிடிபடும். ‘வதாஷி வா கோஹன் ஓ தபெமாஸ்’ என்பது ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ போலவே வினைச்சொல்லில் முடிகிறது. ‘ஓ’ நம் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’யின் வேலையைச் செய்கிறது.

அப்புறம், முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் படங்களைப் பார்க்காதீர்கள். தங்குவது ஜப்பானியக் குடும்பத்திலா, விடுதியிலா? வகுப்பு முடிந்தபின் பிள்ளைகள் என்ன மொழி பேசுகிறார்கள்? இரவில் பொறுப்பு யார்? இவற்றுக்கு எழுத்தில் பதில் தராத இடத்துக்கு மகளை அனுப்பாதீர்கள்.